தேக்குக் கேமரா கைமாறிய வழி

சிதம்பரம்
9.10.2024

அன்புத் தம்பி தமீம் அன்சாரிக்கு மச்சான் ஹபிபுல்லா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் கூடப்பிறந்த லாத்தா ஆசியாவும் பிள்ளைகளும் அல்லாஹ் கிருபையால் சுகமாக இருக்கிறோம். எனக்குச் சர்க்கரைதான் ஏறி இறங்கி விளையாடுகிறது. உன் காது எப்படி இருக்கிறது? போனில் நான் ஒன்று கத்தினால் நீ வேறொன்றுக்குப் பதில் சொல்கிறாய். வாட்ஸ்அப்பில் போட்டால் உன் மருமகள் நஜியா படித்துத்தான் உனக்குச் சொல்கிறாள். அதனால் சவூதியில் இருந்த காலம் மாதிரி பேனாவை எடுத்துவிட்டேன்.

நல்ல செய்தி. ஹஜ் குலுக்கலில் எனக்கும் உன் லாத்தாவுக்கும் பெயர் விழுந்திருக்கிறது! அவள் அழுத அழுகையைப் பார்த்திருக்க வேண்டும். முதல் தவணை கட்டியாயிற்று. இரண்டாவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். எங்கள் அத்தா வைத்திருந்த பழைய மரக் கேமரா ஒன்று பரணில் கிடந்தது. புதுச்சேரியில் பழம்பொருள் வாங்கும் ஒருவர் கேட்கிறார். ஆனால் 'செம்மண்டலம் தமீம் பாய் மதிப்புச் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் வாங்குவேன்' என்கிறார். பார், உன் பேருக்கு எவ்வளவு கிராக்கி!

மகன் அஃப்சல் காரில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். தேங்காய் எண்ணெய் போட்டு நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறேன், பளபளவென்று இருக்கும். பத்து நாளில் சீட்டை எழுதி அனுப்பு. உன் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் சலாம்.

ஹபிபுல்லா

—

செம்மண்டலம், கடலூர்
17.10.2024

மச்சான் அவர்களுக்கு வ அலைக்குமுஸ்ஸலாம். லாத்தாவுக்கும் உங்களுக்கும் அல்லாஹ் ஹஜ்ஜை லேசாக்கி வைப்பானாக. செய்தி கேட்டு எனக்கும் கண் கலங்கிவிட்டது. என் காது போனது போனதுதான். சாப்பாடு, தூக்கம் குறைவில்லை. உங்கள் சர்க்கரைக்கு வாயைக் கட்டுங்கள், வேறு மருந்து இல்லை.

கேமரா வந்தது. தேங்காய் எண்ணெய் போடச் சொன்ன புண்ணியவான் யார்? நூறு வருசத்துத் தேக்கு மரத்தைத் தாளிக்கிற சட்டியாக்கி வைத்திருக்கிறீர்கள். துடைத்துத் துடைத்து என் இரண்டு பனியன் போயிற்று.

திட்டியது போதும். அருமையான சாமான் மச்சான். கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கிற காலத்து லண்டன் வேலை. நடுவில் மடிந்து விரிகிற தோல் துருத்தி ஓரிடத்தில்தான் கிழிந்திருக்கிறது. பித்தளை லென்ஸ்தான் விலையே. ஒன்றரை லட்சத்துக்குக் குறைய வாய்ப்பில்லை.

என் சீட்டில் மூன்று பகுதி இருக்கும். செய்தது யார், பிறகு மாற்றியது எது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது. மூன்றாவதை எழுதாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. உங்கள் அத்தா இதை யாரிடம் வாங்கினார், எந்த வருசம்?

இன்னொன்றும் மனதில் கிடந்து குடைகிறது. முப்பது வருசமாக நான் மரக் கேமரா தேடி ஊர் ஊராகப் பழைய ஸ்டுடியோக்களின் படியேறிக்கொண்டிருக்கிறேன். நீங்களே எத்தனை தடவை கூட வந்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருப்பதை ஒரு தடவைகூட ஏன் சொல்லவில்லை?

லாத்தாவுக்கு என் சலாமும் துஆவும்.

தமீம்

—

சிதம்பரம்
26.10.2024

தம்பி தமீமுக்கு சலாம். இங்கு சுகம்தான். ஆசியா குடை மிளகாய் ஊறுகாய் போட்டிருக்கிறாள், அடுத்த தடவை கொடுத்தனுப்புகிறோம்.

நீ எப்போது போலீஸ் வேலையில் சேர்ந்தாய்? அத்தா மவுத்தாகி முப்பத்தைந்து வருசமாகிறது. யாரிடம் வாங்கினார், எப்போது வாங்கினார் என்று கபரில் போய்க் கேட்டு வரவா? கீழ வீதியில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் கடையை மூடிவிட்டு வடக்கே போகும்போது கொடுத்ததாக ஞாபகம். அப்படியே எழுதிக்கொள். பரணில் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் கிடந்ததால் எனக்கே மறந்துவிட்டது. எதை எதையெல்லாம் நினைவில் வைத்திருப்பது?

புதுச்சேரிக்காரர் அவசரப்படுத்துகிறார். நாங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் 'தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்ச தப்ப பொருந்திக்கிடுங்க' என்று எல்லோரிடமும் கேட்காமல் கிளம்பக்கூடாதே. பால்காரரிடம்கூடக் கேட்டாயிற்று. உன்னிடமும் கேட்கிறேன், நான் ஏதாவது மனம் நோகப் பேசியிருந்தால் பொருந்திக்கொள். சீட்டை உடனே அனுப்பு.

ஹபிபுல்லா

—

செம்மண்டலம்
5.11.2024

மச்சான் அவர்களுக்கு சலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு நீங்கள் ஒரு தப்பும் செய்ததில்லை, பொருந்திக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

துருத்தியைத் தைப்பதற்காக லென்ஸைக் கழற்றினேன். துருத்தியின் மடிப்புக்குள் மணல். பரணில் சேர்கிற தூசி இல்லை மச்சான், கருஞ்சாம்பல் நிற மணல், நடுவே அரிசிக் குருணை அளவு கிளிஞ்சல் துண்டுகள். பித்தளைத் திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன், அடியில் எல்லாம் உப்புப் பூத்துப் பச்சையாகியிருக்கிறது. இந்தக் கேமரா கடல் தண்ணீரில் கிடந்திருக்கிறது. கீழ வீதிக்குக் கடல் எப்போது வந்தது?

மேலே தூக்குகிற கைப்பிடியைக் கழற்றினேன். அதற்கடியில் நீங்கள் எண்ணெய் போட்டுத் தேய்க்க முடியாத இடத்தில் சந்தனமும் குங்குமமும் மரத்துக்குள் ஊறிக் கிடக்கின்றன. ஒரு தடவை வைத்தது இல்லை. வருசா வருசம் வைத்தால்தான் அப்படி இறங்கும். உங்கள் அத்தா ஐந்து வேளை பள்ளிவாசலில் இருந்த மனிதர். அவர் ஆயுத பூஜை கொண்டாடினாரா?

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எந்த முடிவுக்கும் வரவில்லை. நீங்களே எழுதுங்கள்.

தமீம்

—

சிதம்பரம்
11.11.2024

தமீமுக்கு.

பெட்டியைத் திருப்பி அனுப்பு. அஃப்சல் வியாழக்கிழமை வருவான். உன் சீட்டு எனக்கு வேண்டாம், சென்னையில் எழுதித் தர ஆள் இருக்கிறது. குடும்பத்துக்குள் இதைப் பற்றி இனிப் பேச்சு வேண்டாம்.

வஸ்ஸலாம்.
ஹபிபுல்லா

—

சிதம்பரம்
24.11.2024

என் கூடப்பிறந்த தம்பிக்கு ஆசியா லாத்தா எழுதும் கடிதம். அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் துஆ செய்கிறேன். நான் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

என்னடா எழுதினே உன் மச்சானுக்கு? உன் கடிதத்தைப் படித்தார், நாலாகக் கிழித்தார், அடுப்பில் போட்டார். அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. பொருத்தம் கேட்கப் போவதையும் நிறுத்திவிட்டார். இன்னும் மேலத் தெரு முழுக்கப் பாக்கி. கேட்டால் 'எனக்குக் கால் வலிக்கிது, நீ போ' என்கிறார். கேமரா பெட்டி திரும்பி வந்ததும் அதன்மேல் போர்வையைப் போட்டு மூடினார். சென்னைக்கு அனுப்பவும் இல்லை, புதுச்சேரிக்காரர் போனை எடுக்கவும் இல்லை.

இருபத்தெட்டு வயதிலிருந்து மக்காவைப் பார்க்க வேண்டும் என்று ஏங்கிக் கிடக்கிறேன். இப்போது அறுபது. இரண்டாவது தவணைக்கு நாள் நெருங்குகிறது. நீங்கள் ஆம்பிளைகள் இரண்டு பேரும் உங்களுக்குள் என்ன மறைக்கிறீர்கள்? என்னிடம் சொல்லு.

ஆசியா

—

செம்மண்டலம்
28.11.2024

லாத்தாவுக்கு உங்கள் தம்பியின் சலாம். மழை பிடித்துக்கொண்டது. புயல் வருகிறதாம், உங்கள் பக்கம் ஜாக்கிரதை.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கேமரா எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு சின்னச் சந்தேகம், சீட்டு எழுதுகிறவனுக்கு வருகிற சந்தேகம்தான். மச்சான் மனதில் எதையாவது போட்டுக் குழப்பிக்கொண்டிருப்பார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனபோது பரணில் அந்தக் கேமரா இருந்ததா?

தமீம்

—

சிதம்பரம்
10.12.2024

தம்பிக்கு சலாம். கடலூரில் வெள்ளம் என்று டிவியில் காட்டினார்கள். அஃப்சல் போன் செய்து நஜியாவிடம் விசாரித்தான், நீங்கள் மாடியில் பத்திரமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்த பிறகுதான் சோறு இறங்கிற்று. இங்கே நாலு நாள் கரண்ட் இல்லை.

சின்னச் சந்தேகம் என்று எழுதியிருந்தாய். நீ சின்னப் பிள்ளையில் பொய் சொன்னாலும் இப்படித்தான், கடைசியில் ஒரு கேள்வி கேட்டு மாட்டிக்கொள்வாய்.

நான் வாழ வந்தது 1987. அந்தப் பரணை அடித்துப் பெருக்கியது நான்தான், வருசத்துக்கு இரண்டு தடவை. கேமரா இருக்கவில்லை. சுனாமி வந்ததே, அந்த வாரம்தான் அது வந்தது. ஜமாஅத் ஆட்களோடு லாரியில் தேவனாம்பட்டினம் போய் மய்யித்துகளைத் தூக்கி அடக்கம் செய்துவிட்டு ஐந்தாம் நாள் திரும்பினார். ஒரு பெட்ஷீட்டில் சுற்றி எதையோ கொண்டுவந்தார். 'தெரிஞ்சவுங்க வச்சிருக்கச் சொன்னாங்க' என்றார். அவர் உடம்பெல்லாம் சேறு, கண்ணெல்லாம் சிவப்பு. பச்சைப் பிள்ளைகளைத் தூக்கிப் புதைத்துவிட்டு வந்த மனுசனிடம் வேறு என்ன கேட்பது? அப்புறம் ஊரே அவரைப் புகழ்ந்தது. பள்ளிவாசலில் சால்வை போட்டார்கள். நானும் கேட்கவில்லை, இருபது வருசமாகக் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் யாரும் அதைத் தேடி வரவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

தமீம், இந்தக் காசில் நான் ஹஜ் செய்தால் அது கூடுமா? எனக்கு ஹதீஸ் எல்லாம் சொல்லாதே. ஆமாம், இல்லை என்று சொல்.

ஆசியா

—

செம்மண்டலம்
15.12.2024

மச்சான் அவர்களுக்கு சலாம். தண்ணீர் வடிந்துவிட்டது. கீழ்த்தட்டிலிருந்த என் கேமராக்கள் ஆறு நனைந்துபோயின. அதைப் பற்றி எழுத இப்போது மனமில்லை.

லாத்தா கேட்ட கேள்விக்கு 'கூடாது' என்று பதில் எழுதிவிட்டு அதே கையால் இதை எழுதுகிறேன். என்மேல் கோபப்படுங்கள், பரவாயில்லை.

நேற்று தேவனாம்பட்டினம் போனேன். யாரையும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மரக் கேமரா வைத்திருந்தவர் யார் என்று வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம் ஒரு சீட்டில் எழுதிக் காட்டினேன். எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் அவர் மணலில் விரலால் எழுதிக் காட்டினார்: பாலகுமார். பீச்சுக்கு வருகிறவர்களைப் படம் எடுத்துப் பிழைத்தவராம். செத்து நாலு வருசமாகிறது. மனைவி பட்டம்மாள் அந்தத் தெருவிலேயே சுனாமிக்கு அப்புறம் அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறார். நான் அந்த வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். படியேற வேண்டியவன் நான் இல்லை.

பால்காரரிடம்கூடப் பொருத்தம் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கேட்க வேண்டிய வீட்டை விட்டுவிட்டீர்கள் மச்சான்.

தமீம்

—

சிதம்பரம்
20.12.2024

தம்பி தமீமுக்கு சலாம். நீ சுகமாக இரு. உன் கேமராக்கள் நனைந்ததற்கு வருத்தம்.

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் திருடுவதற்காக எடுக்கவில்லை. இடிந்த வீடு ஒன்றில் ஒரு பெண்பிள்ளையின் மய்யித்தை எடுத்தோம். ஏழெட்டு வயதிருக்கும். பக்கத்தில் முக்காலிமேல் அந்தக் கேமரா இடுப்பளவு சேற்றில் நின்றது. வீட்டுக்காரர் வந்தால் கொடுக்கலாம், யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றுதான் லாரியில் வைத்தேன். அல்லாஹ் மேல் சத்தியம்.

மறுநாள் பள்ளிக்கூடத்து முகாமில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். வரிசையில் ஒருவர் வந்தார். 'பாய், அங்க ஒரு மரக் கேமராவ பாத்தீங்களா? பித்தள வச்சது. எம் பொண்ண அதுலதான் எடுப்பேன்' என்றார். அவர் தட்டில் கரண்டியால் சோறு போட்டேன். வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிசம் கூட இருக்காது. 'பாக்கல' என்று பக்கத்திலிருந்தவர் சொல்லிவிட்டார், கேட்டவர் நகர்ந்துவிட்டார்.

ஏன் பேசவில்லை என்று இருபது வருசமாக யோசிக்கிறேன். எல்லோரும் 'தெய்வம் மாதிரி வந்தீங்க' என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள், எடுத்தேன் என்று சொன்னால் திருடன் என்பார்களோ என்று பயம். அதுமட்டும் இல்லை. உன்னோடு சுற்றிச் சுற்றி அதன் மதிப்பு எனக்குத் தெரிந்திருந்தது. லென்ஸைப் பார்த்ததுமே தெரிந்தது.

26ஆம் தேதி சுனாமி வந்த நாள், போனவர்களுக்காக அங்கே கடலில் பால் ஊற்றுவார்கள். அன்றைக்குப் போகிறேன். ஆசியாவும் வருகிறாள். அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் எடுத்து வைக்கிறாள்.

ஹபிபுல்லா

—

சிதம்பரம்
28.12.2024

தம்பி தமீமுக்கு லாத்தாவின் சலாம். கடலூர் வரைக்கும் வந்து உன் வீட்டுக்கு வராமல் திரும்பிவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே. 'எம் மொகத்த அவன் இப்ப பாக்க வேணாம்' என்றார் உன் மச்சான்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனோம். பட்டம்மாள் வாசலில் நின்றிருந்தார். உன் மச்சானைப் பார்த்தார், ஒரு நொடி முழித்தார், அப்புறம் ஓடிவந்து காலில் விழுந்துவிட்டார். 'பாய்! நீங்கதான எம் பொண்ணத் தூக்கிட்டு வந்தீங்க! ஒங்க மொகத்த மறப்பனா நானு!' என்று அழுதார். உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டு, டீ வைத்துக் கொடுத்து, அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, 'எம் பொண்ண அடக்கம் பண்ண புண்ணியவான்' என்று காட்டினார். இவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். டீ கையிலேயே ஆறிப்போயிற்று. 'சரிம்மா, நாங்க கெளம்புறோம்' என்று எழுந்தார் தமீம்! பெட்டியையும் தூக்கிக்கொண்டார்!

எனக்கு வந்ததே ஆத்திரம். பெட்டியைப் பிடுங்கிக் கீழே வைத்து, போர்வையை உருவிப்போட்டேன்.

பட்டம்மாள் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். 'இது எங்க இருந்துச்சி?' என்றார்.

'எங்க வூட்ல. இருவது வருசமா. இவரு எடுத்தாரு. ஒங்க வூட்டுக்காரரு முகாமுல வந்து கேட்டப்ப இவருதான் சோறு போட்டுக்கிட்டு நின்னாரு. சொல்லல' என்றேன்.

கத்துவார், சாபம் விடுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, 'அப்ப கதிரவன் எடுக்கலியா?' என்றார்.

கதிரவன் பாலகுமாரின் தம்பி. கேமராவை எடுத்து விற்றுக் குடித்துவிட்டான் என்று பாலகுமார் நடுத்தெருவில் வைத்துத் தம்பியைச் செருப்பால் அடித்தாராம். அதோடு பேச்சு அறுந்தது. பதினாறு வருசம். பாலகுமார் சாகக் கிடந்தபோது கதிரவன் வந்து வாசலில் நின்றிருக்கிறார். 'அந்தத் திருட்டுப்பய எம் பொணத்தத் தொடக்கூடாது' என்று சொல்லிவிட்டுத்தான் அவர் உயிர் போயிற்றாம். கொள்ளி வைக்கிற உரிமை இருந்த ஒரே தம்பி, கூட்டத்துக்குப் பின்னால் தனியாக நடந்துபோயிருக்கிறார். நாம் ஒரு சாமானைத் திருப்பிக் கொடுக்கத்தானே போனோம் என்று நினைத்திருந்தேன்.

'எங்கிட்ட மன்னிப்பு கேக்காதீங்க பாய். அது என்னுது இல்ல' என்றார் பட்டம்மாள். கதிரவனைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

படகிலிருந்து அப்படியே வந்தார், ஈரக் கைலியோடு. வாசற்படியைத் தாண்டவில்லை. பட்டம்மாள் கேமராவைக் காட்டி இரண்டே வார்த்தையில் சொன்னார். கதிரவன் கேமராவைப் பார்த்தார், உன் மச்சானைப் பார்த்தார். அடித்துவிடுவார் என்று நான் நடுவில் போய் நின்றேன். அவர் என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தார். இருபது வருசத்துக்கு அப்புறம் அண்ணன் வீட்டுக்குள் வருகிறார். உன் மச்சானின் மணிக்கட்டைப் பிடித்து, மாலை போட்ட பாலகுமார் போட்டோவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

'எங்கிட்ட வேணாம். அவங்கிட்ட சொல்லுங்க' என்றார்.

இவர் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், 'பாலகுமார், ஒங்க தம்பி எடுக்கல. நான் எடுத்தேன்' என்றார். குரலே வரவில்லை.

'சத்தமா சொல்லுங்க பாய். தெருவுல கேக்கணும்.'

மறுபடி சொன்னார். 'இன்னும் சத்தமா' என்றார் கதிரவன். மூன்றாவது தடவை இவர் கத்தினார் தமீம். புண்ணியவானைப் பார்க்க வந்த கூட்டமெல்லாம் வாசலில் நின்று கேட்டது. கதிரவன் போட்டோவைப் பார்த்து, 'கேட்டியா அண்ணே? கேட்டியா?' என்று சுவரில் முட்டி அழுதார். அந்த அழுகையைப் பார்த்த பிறகு பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

கேமராவை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தோம். பட்டம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'போயிட்டு வாங்க' என்றார். கதிரவன் சொல்லவில்லை.

நேற்று உன் மச்சான் ஹஜ்ஜை ரத்து செய்யச் சொல்லி மனு எழுதினார். நான் தடுக்கவில்லை. எழுதி முடித்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன், அதையும் மறைக்கவில்லை. மாதம் ஒரு தடவை தேவனாம்பட்டினம் போய்வரப் போகிறாராம். எதற்கு என்று கேட்டேன். 'ஒருநாள் கதிரவன் வாயால போயிட்டு வாங்கன்னு சொல்லுவாரு. அதுக்கப்பறம் மறுபடி ஹஜ்ஜுக்கு மனு போடலாம்' என்றார். எனக்கு அறுபது வயதாகிறது தம்பி. அவர் சீக்கிரம் சொல்ல வேண்டும் என்று துஆ செய்.

ஆசியா